பேறுகாலத்துக்கு யார் இருக்கிறார்கள்?

நார்வே
ஜூலை 14, 2024

அன்புள்ள லாத்தாவுக்கு ஆமிரா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ் உதவியால் நானும் அஹ்சனும் சுகம். நீங்களும் மச்சானும் ஹாலிதாவும் இர்ஷாத்தும் எப்படி இருக்கிறீர்கள்? அல் ஐனில் வெயில் ஐம்பதைத் தொட்டதாகப் படித்தேன். மச்சானை மதியம் கடையைப் பூட்டிவிட்டு வரச் சொல்லுங்கள்.

போனில் வேண்டாம், எழுது என்று நீங்கள் சொன்னதுதான் சரி. போன் என்றால் நான் அழுகிறேன், நீங்கள் கத்துகிறீர்கள், நடுவில் இர்ஷாத் புகுந்து "ஹாய் சாச்சி" என்று இங்கிலீஷில் கதை அளக்கிறான். உம்மா மவுத்தான பிறகு நாம் இரண்டு பேரும் ஒழுங்காகப் பேசியதே இல்லை. இனி மெயிலில், எழுத்தில் பேசுவோம்.

நாங்கள் இருப்பது ஒரு தீவு. எந்தப் பக்கம் பார்த்தாலும் மலை, மலைக்கு நடுவில் கடல். அக்கரைப் பட்டணத்துக்குப் போக காரோடு ஃபெர்ரியில் ஏற வேண்டும். ஆஸ்பத்திரியும் அங்கேதான். வீட்டுக் கூரைகளில் புல் வளர்த்திருக்கிறார்கள். ஒரு கூரையில் ஆடு மேய்வதைப் பார்த்தேன், சத்தியமாக. போன வாரம் அஹ்சன் ஓர் அருவிக்குக் கூட்டிப் போனார். ஏழு அருவிகள் சேர்ந்து விழுகின்றன, ஏழு சகோதரிகள் என்று பெயர். எதிர்க்கரையில் ஒற்றை அருவி. அவன் ஏழு பேரையும் பெண் கேட்டு, ஏழு பேரும் மாட்டேன் என்றுவிட்டார்களாம்.

இந்த ஊர் ஜனங்கள் விசித்திரம். பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருவார்கள். தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மலைமேல் ஏறும்போது எதிரே வந்தால் மட்டும் சிரித்து வணக்கம் சொல்கிறார்கள். இறங்கியதும் அந்நியர். இன்னொன்று, பட்டப்பகலில், வேலை நாளில், நல்ல திடகாத்திரமான ஆண்கள் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு காப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். வேலை போனவர்கள் போலிருக்கிறது. பாவமாக இருந்தது.

குழந்தை நவம்பர் கடைசி வாரம் என்று மருத்துவச்சி சொல்லியிருக்கிறார். டாக்டர் கிடையாது, மருத்துவச்சிதான். என்னைப் பார்த்து, "நன்றாக நட, மலை ஏறு" என்கிறார். உம்மா இருந்திருந்தால் அவருக்கு நல்ல பதில் கிடைத்திருக்கும்.

துஆ செய்யுங்கள். வஸ்ஸலாம்.
ஆமிரா


அல் ஐன்
ஜூலை 25, 2024

என் தங்கச்சி ஆமிராவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

இங்கே எல்லோரும் சுகம். வெயிலுக்கு என்ன, அது வழக்கம்போல் அடிக்கிறது. பேரீச்சை பழுத்துவிட்டது. தோட்டக்காரர்கள் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். தின்று மாளவில்லை. நேற்று ஜெபல் ஹஃபீத் அடிவாரத்துக்குப் போய் சாயங்காலம் உட்கார்ந்துவிட்டு வந்தோம். காற்று சூடான சட்டியைத் திறந்த மாதிரி இருந்தது.

மலை ஏறு என்று சொன்ன அந்த மருத்துவச்சியின் பெயர் என்ன? அவள் எத்தனை பெற்றாளாம்? ஐந்து மாதப் பிள்ளைத்தாய்ச்சியை மலை ஏறச் சொல்கிறவளை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அந்த ஏழு சகோதரிகளும் கல்யாணமே வேண்டாம் என்றதில் ஆச்சரியம் இல்லை. பேறுகாலம் பார்க்க ஆள் கிடைக்காது என்று தெரிந்திருக்கும்.

அந்த ஆம்பிளைகளை நினைத்தால் எனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது. வேலை போனாலும் வீட்டிலேயே இருக்கக் கூடாதா, பிள்ளையை ஊரெல்லாம் காட்டிக்கொண்டா திரிய வேண்டும்? அஹ்சன் மாப்பிள்ளையைக் கவனமாக வேலை பார்க்கச் சொல். புது இடம். ஆறு மாதம் சோதனைக் காலம் என்று சொன்னாயே, அதுவரை வாயைத் திறக்காமல் இருக்கட்டும்.

இப்போது முக்கியமான விஷயம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். உம்மா இல்லை. நம் ஊர் காயலில் வீடு பூட்டிக் கிடக்கிறது. இங்கே வந்து பெறு என்றால், இன்சூரன்ஸ் இல்லாமல் ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதிக்க முடியாது. அதனால் யோசித்து ஒரு முடிவு எடுத்துவிட்டேன். நீ தாய்வீட்டுக்கு வர முடியாவிட்டால் தாய்வீடு உன்னிடம் வரும். நவம்பரில் நான் வருகிறேன். இன்ஷா அல்லாஹ், நாற்பது கழியும்வரை இருப்பேன்.

பிரசவ அறைக்குள் புருஷனையும் விடுவார்கள் என்று போனில் சொன்னாய். ஆம்பிளைக்கு அங்கே என்ன வேலை? உன் மச்சான் எனக்கு மூன்று மைலுக்கு அந்தப் பக்கம் கூட இல்லை, கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார். இரண்டும் நல்லபடியாகப் பிறக்கவில்லையா? பக்கத்தில் பெண்கள் இருந்தால் போதும்.

வஸ்ஸலாம்.
லாத்தா ஜொஹரா


நார்வே
ஆகஸ்ட் 20, 2024

அன்புள்ள லாத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். சுகம், உங்கள் சுகம் அறிய ஆசை.

நீங்கள் வருகிறீர்கள் என்று படித்ததும் அடுப்படியில் நின்றபடியே அழுதுவிட்டேன். இது சந்தோஷ அழுகை, கத்த வேண்டாம். அஹ்சனும், "லாத்தா வந்துட்டா நமக்கென்ன கவலை" என்று பெருமூச்சு விட்டார். அவருக்கு இரண்டு வாரம் கடலில் எண்ணெய் ரிக்கில் வேலை, நான்கு வாரம் வீடு. அவர் கடலுக்குப் போனதும் இந்த வீட்டில் என் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

பக்கத்து வீட்டில் இங்கெர் என்று ஒரு பெண்மணி இருக்கிறார். பள்ளிக்கூட ஆசிரியை, ஐம்பது வயதிருக்கும். வந்த புதிதில் நான் அரிசி மாவில் வாடா சுட்டு ஒரு தட்டில் வைத்து, நம் ஊர் வழக்கப்படி கதவைத் தட்டிவிட்டேன். அவர் திறந்து, யாராவது செத்துவிட்டார்களா என்பதுபோல் பார்த்தார். இங்கே சொல்லாமல் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லையாம். தட்டை வாங்கிக்கொண்டார். பத்து நாள் கழித்து, அடுத்த வியாழக்கிழமை காப்பிக்கு வரமுடியுமா என்று மெசேஜ் அனுப்பினார். பத்து நாள் யோசித்திருக்கிறார்!

ஆனால் அந்த வியாழன் நன்றாக இருந்தது. பழுப்பு நிறத்தில் ஒரு பாலாடைக்கட்டியைச் சீவி ரொட்டியில் வைத்துக் கொடுத்தார். நம் பால்கோவாவில் உப்புப் போட்ட மாதிரி இருக்கிறது. பிறகு காட்டுக்குக் கூட்டிப் போய் நீலப் பழம் பறிக்கக் காட்டிக்கொடுத்தார். அங்கே மட்டும் பேச்சு வந்தது. அஹ்சன் எப்போதிலிருந்து லீவு என்று கேட்டார். எதற்கு லீவு என்றேன். அவர் குனிந்து பழத்தைப் பறித்துக்கொண்டே இருந்தார்.

பழைய மரப் பள்ளி ஒன்று இருக்கிறது, அவர்கள் தொழுகிற இடம். எண்ணூறு வருடப் பழசாம். ஓர் இரும்பு ஆணிகூடத் தெரியவில்லை, தார் வாசம் அடிக்கிறது. நீங்கள் வந்ததும் கூட்டிப் போகிறேன். விசாவுக்குப் போட்டாகிவிட்டதா?

வஸ்ஸலாம்.
ஆமிரா


அல் ஐன்
செப்டம்பர் 12, 2024

ஆமிராவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம். எல்லோரும் சுகம்.

பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. இங்கே ஒரு மவுத்து. நம் கடைக்கு ஸ்பான்சராக இருந்த கபீல், அந்த அரபுப் பெரியவர், போய்ச் சேர்ந்துவிட்டார். இன்னா லில்லாஹி. இருபது வருடமாக நம் லைசென்ஸ் அவர் பெயரில்தான் ஓடுகிறது. ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. உன் மச்சான் சொந்த வாப்பா போனதுபோல் உட்கார்ந்திருக்கிறார். மூன்று மகன்கள், இனி அவர்களோடு பேச வேண்டும்.

விசா வேலை நடக்கிறது, அதை நீ மனதில் போட்டுக்கொள்ளாதே. நான் மூட்டை கட்டவே ஆரம்பித்துவிட்டேன். பேறுகால லேகியம் காயலிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லிவிட்டேன். பூண்டு உரித்துக் காயவைத்தாகிவிட்டது. பிள்ளைக்குப் பழைய வேட்டித் துணி, மெத்தென்று, இருபது துண்டு கிழித்து வைத்திருக்கிறேன். தம்மடை சுட்டுக் கொண்டுவருவேன், அந்த இங்கெருக்கும் சேர்த்து. பத்து நாள் யோசித்துச் சாப்பிடட்டும்.

நவம்பர் கடைசியில் அஹ்சன் வீட்டில்தானே இருப்பார்? கணக்குப் பார்த்தாயா?

ஹாலிதா உனக்கு ஸலாம் சொல்லச் சொன்னாள். பதினெட்டு வயதாகிறது, இன்னும் ஒரு சுலைமானி டீ போடத் தெரியாது.

வஸ்ஸலாம்.
லாத்தா


நார்வே
அக்டோபர் 6, 2024

அன்புள்ள லாத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கபீல் பெரியவருக்கு அல்லாஹ் மறுமையில் நல்ல இடம் கொடுப்பானாக. மச்சானுக்கு என் ஸலாம் சொல்லுங்கள். கடை நன்றாக நடக்கிறதா?

இங்கே வெளிச்சம் குறைந்துகொண்டே வருகிறது. ஜூலையில் இஷா தொழ நடுச்சாமம் வரை காத்துக் கிடந்தோம். இப்போது முஸல்லா விரிப்பை மடிப்பதற்குள் அடுத்த பாங்கு நேரம் வந்துவிடுகிறது. எல்லா வீட்டு ஜன்னலிலும் விளக்கு வைக்கிறார்கள், திரை போடுவதில்லை. உள்ளே அவர்கள் சாப்பிடுவது, படிப்பது எல்லாம் தெரியும். ஆனால் யாரும் பார்க்க மாட்டார்கள். நான் மட்டும்தான் பார்க்கிறேன்.

குளிரில் கைக்குழந்தையை வண்டியோடு வாசலில் தூங்கப் போடுகிறார்கள், லாத்தா! தாய் உள்ளே காப்பி குடிக்கிறாள். நல்ல காற்றாம். நம் குழந்தையை நான் அப்படிப் போட மாட்டேன், பயப்படாதீர்கள்.

என் கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. இரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது என்று மருத்துவச்சி சொன்னார். காற்று பலமாக அடித்தால் ஃபெர்ரி நின்றுவிடும், போன வாரம் ஒரு நாள் முழுக்க ஓடவில்லை. நவம்பரில் இது சகஜமாம். அதனால் நீங்கள் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டால் நல்லது. டிக்கெட் எந்தத் தேதிக்குப் போட்டிருக்கிறீர்கள்? விசா கையில் வந்துவிட்டதா? தேதியை மட்டும் எழுதுங்கள், போதும். அஹ்சன் அழைத்துவர வேண்டுமே, அதற்காகக் கேட்கிறேன்.

அஹ்சன் நலம். அவரைப் பற்றிக் கவலை வேண்டாம்.

வஸ்ஸலாம்.
ஆமிரா


அல் ஐன்
அக்டோபர் 29, 2024

ஆமிராவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம். சுகம்.

வேலை அதிகம், நீளமாக எழுத முடியவில்லை. உன் மச்சான் இப்போதெல்லாம் பகலிலும் வீட்டில்தான் இருக்கிறார், அவருக்குச் சமைத்துப்போடவே நேரம் சரியாக இருக்கிறது. டிக்கெட் விஷயம் பிறகு எழுதுகிறேன். காலை உயர்த்தி வைத்துப் படு. உப்பைக் குறை. எந்த மலையும் ஏறாதே.

அஹ்சன் வீட்டில் இருப்பாரா என்று கேட்டேன். பதில் இல்லை.

வஸ்ஸலாம்.
லாத்தா


நார்வே
நவம்பர் 18, 2024

அன்புள்ள லாத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்த முறை சுகம் விசாரிக்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன்.

அஹ்சன் வெள்ளிக்கிழமையே கடலுக்குப் போய்விட்டார். இந்தத் தடவை ஒரு வாரம் கூடுதல், டிசம்பர் முதல் வாரத்தில்தான் திரும்புவார். அவருடைய முறை அப்படி விழுந்துவிட்டது. எனக்கு ஆகஸ்டிலேயே தெரியும். சொன்னால் நீங்கள் அங்கே பதறுவீர்கள் என்று சொல்லவில்லை. நான்தான் அவரை அனுப்பினேன். "லாத்தா வர்றாங்க, நீங்க லீவு கேட்டு வேலையைக் கெடுத்துக்காதீங்க" என்றேன். அவருக்கும் கேட்கப் பயம். சோதனைக் காலம் இந்த மாதம்தான் முடிகிறது.

சனிக்கிழமை இங்கே டுக்னாட் என்று ஒன்று நடந்தது. வருடத்துக்கு இரண்டு முறை தெருவில் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து இலை கூட்டுவது, சாக்கடை தள்ளுவது, விளக்குக் கட்டுவது. டாக்டரும் வருவார், மீன் கம்பெனி முதலாளியும் வருவார். வந்த புதிதில் அஹ்சன் அபுதாபி ஞாபகத்தில், "எனக்குப் பதிலா ஒரு ஆளை வெச்சு செஞ்சுடட்டுமா? கூலி குடுத்துடறேன்" என்று கேட்டாராம். அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்களாம். அந்தக் கறையைக் கழுவ வேண்டும் என்று நான் இந்த வயிற்றோடு ஃபிளாஸ்க் நிறையச் சுலைமானி கொண்டுபோனேன்.

இங்கெர், அஹ்சன் எங்கே என்று கேட்டார். கடலில் என்றேன். எப்போது வருவார் என்றார். டிசம்பரில் என்றேன். கையிலிருந்த இலை வாரியைக் கீழே வைத்துவிட்டார். "தகப்பன் இல்லாமலா?" என்று கேட்டார். பிள்ளை பிறந்தால் தகப்பனுக்கு லீவு என்பது இங்கே சட்டமாம். கேட்கக்கூட வேண்டாம், தெரிவித்தால் போதுமாம். காப்பிக் கடையில் வண்டி தள்ளியவர்கள் யாருக்கும் வேலை போகவில்லை, லாத்தா. அவர்கள் லீவில் இருந்த தகப்பன்மார்கள். நாம்தான் பாவம் பார்த்தோம்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. "என் அக்கா துபாய் வழியா வர்றாங்க, அவங்க இருந்தா போதும்" என்றேன். "எப்போது?" என்று கேட்டார். தெருவே கூட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

எந்தத் தேதி, லாத்தா? தயவுசெய்து எழுதுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆமிரா


அல் ஐன்
நவம்பர் 18, 2024

என் தங்கச்சி ஆமிராவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாள் மறைப்பது? இன்று சொல்லிவிடுகிறேன்.

நான் வரவில்லை. வர முடியாது.

கபீல் மவுத்தான பிறகு மூன்று மகன்களும் மூன்று திசையில் நிற்கிறார்கள். ஒருவர் கையெழுத்துப் போட்டால் இன்னொருவர் மாட்டேன் என்கிறார். லைசென்ஸ் காலாவதியாகிக் கடையைச் செப்டம்பர் கடைசியிலேயே மூடியாகிவிட்டது. லைசென்ஸ் இல்லாமல் உன் மச்சான் இகாமா, இங்கே தங்குகிற அனுமதி, புதுப்பிக்க முடியாது, அவருடையது இல்லாமல் என்னுடையது முடியாது, என்னுடையது இல்லாமல் உங்கள் நார்வே விசாவுக்கு விண்ணப்பமே வாங்க மாட்டார்கள். துபாய்க்குப் போய் வரிசையில் நின்றேன், ஜன்னலில் இருந்த பெண் கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளிவிட்டாள். அது அக்டோபரில். அன்றிலிருந்து உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

சொல்லியிருக்க வேண்டும். கடை மூடியது தெரிந்தால் நீ அங்கே அழுவாய், வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று நினைத்தேன். அஹ்சன் மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கிறாரே என்ற ஒரே தைரியத்தில்தான் இதை இப்போதாவது எழுதுகிறேன். ஆம்பிளைக்கு என்ன வேலை என்று கேட்டேன். பரவாயில்லை, இருக்கட்டும், உன் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். அவர் இருக்கிறார் என்று நினைத்துத்தான் தூங்குகிறேன்.

என்னை மன்னித்துவிடு, புள்ளே.

லாத்தா


அல் ஐன்
நவம்பர் 19, 2024

அன்புள்ள அஹ்சன் மாப்பிள்ளைக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஆமிரா எழுதியதும் நான் எழுதியதும் ஒன்றை ஒன்று தாண்டிப் போய்விட்டன. நீங்கள் இருக்கிறீர்கள் என்று நான் இருந்தேன், நான் வருகிறேன் என்று நீங்கள் போய்விட்டீர்கள். இப்போது அவளுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

நேற்று அவளிடம் போனில் பேசினேன். அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

சோதனைக் காலம் என்று தெரியும். வேலை போனால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம், இந்த வீட்டில் இப்போது அதைத்தான் தின்றுகொண்டிருக்கிறோம். இருந்தாலும் கேளுங்கள். போனால் போகட்டும். நீங்கள் கேட்காவிட்டால் நானே அந்த ரிக்குக்குப் போன் போட்டு, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பேசுவேன். அது உங்களுக்கு அதைவிட வெட்கம்.

ஜொஹரா


நார்வே, கடலிலிருந்து
நவம்பர் 20, 2024

அன்புள்ள லாத்தா, வஅலைக்குமுஸ்ஸலாம்.

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் படித்தேன். எதிரே இருந்தவன் என் முகத்தைப் பார்த்து எழுந்து போய்விட்டான்.

நான் ஏன் கேட்கவில்லை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அபுதாபிப் பக்கம் முதல் சைட்டில் இருந்தபோது என்னோடு ரூமில் ஒரு நாகூர்க்காரர் இருந்தார். பெண்சாதிக்குப் பேறுகாலம் என்று ஃபோர்மேனிடம் லீவு கேட்டார். "பாய், பிள்ளை பெறுறது உன் பீவியா, நீயா? கலாஸ், போ, திரும்ப வராதே" என்றான் அவன். சுற்றி நின்ற நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து எந்த வேலையிலும் நான் லீவு கேட்டதில்லை. கொடுத்தால் எடுத்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

இன்று காலை சூப்பர்வைசர் அறைக்குப் போனேன். ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்த மாதிரி, என் வேலையைப் புகழ்ந்து, மன்னிப்புக் கேட்டு, சம்பளம் வேண்டாம் என்று சொல்லி முடித்தேன். அவர் காப்பியைக் கீழே வைத்தார். "குழந்தை எப்போது?" என்றார். அடுத்த வாரம் என்றேன். "அப்புறம் நீ இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறாய்?" என்று கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். இத்தனை மாதமாகத் தன்னிடம் சொல்லவில்லை என்ற கோபம். இது தெரிந்திருந்தால் என்னை ஹெலிகாப்டரில் ஏற்றியே இருக்க மாட்டாராம்.

நாளை மாலை ஹெலிகாப்டரில் இடம் போட்டுவிட்டார்கள். காற்று ஒத்துழைக்க வேண்டும். இங்கே அலை மேடையின் காலில் வந்து மோதுவது படுக்கையில் கேட்கிறது. துஆ செய்யுங்கள்.

அஹ்சன்


நார்வே
நவம்பர் 27, 2024

அன்புள்ள லாத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பெண் குழந்தை என்று போனில் சொன்னது போதாது, முழுவதும் எழுது என்றீர்கள். ஒரு கையால் எழுதுகிறேன். மறு கையில் மரியம் இருக்கிறாள். ஆம், உம்மாவின் பெயர்தான், சித்தி மரியம்.

வியாழக்கிழமை காலையிலிருந்தே காற்று ஊளையிட்டது. ஹெலிகாப்டர் ரத்து என்று அஹ்சன் மெசேஜ் அனுப்பிய கொஞ்ச நேரத்தில் எனக்கு இடுப்பு வலி எடுத்தது. யாரைக் கூப்பிடுவது? இங்கே சொல்லாமல் கதவைத் தட்டக்கூடாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். போய்த் தட்டிவிட்டேன். இங்கெர் ஏற்கெனவே கோட்டு போட்டுக்கொண்டு, கார் சாவியோடு நின்றார். காலையிலிருந்தே அப்படித்தான் இருந்தாராம். நான் கூப்பிடாமல் வருவது எனக்குத் தொந்தரவாக இருக்கும் என்று காத்திருந்தாராம்! நான் அவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்திருந்தேன். நாம் இரண்டு பேர் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன், லாத்தா.

ஃபெர்ரி கடைசியாக ஒரு தடவை ஓடியது. நடுக்கடலில் கார் ஆடியது. எனக்கு யாசீன் ஓத வாய் வரவில்லை. இங்கெர் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் அவரை, நீ யார் என்று கேட்டார்கள். பக்கத்து வீடு என்றார். உள்ளே விட்டார்கள்.

இரவு முழுக்க வலி. விடிந்ததும் காற்று அடங்கியது. முதல் ஹெலிகாப்டரில் அஹ்சன் வந்தார். கடல் வாசத்தோடு, தாடியெல்லாம் உப்போடு, ஓடி வந்து நின்றார். இங்கெர் எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விட்டார். அஹ்சனைப் பார்த்ததும் நான் திட்டினேன். வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். அவர் திட்டு வாங்கிக்கொண்டே என் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு நான் பயப்படவில்லை. என்னவோ ஆகட்டும், இவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று ஒரு தைரியம்.

குழந்தை வந்ததும் மருத்துவச்சி கத்தரிக்கோலை அவரிடம் நீட்டினார். இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவை தொப்புள்கொடியை வெட்டினார். பிறகு பிள்ளையின் காதில் பாங்கு சொன்னார். மருத்துவச்சி, கைகழுவப் போனவர், அப்படியே நின்றுவிட்டார்.

லைசென்ஸ் என்ன ஆயிற்று? உண்மையை எழுதுங்கள்.

ஆமிரா


அல் ஐன்
டிசம்பர் 10, 2024

என் தங்கச்சி ஆமிராவுக்கும், சித்தி மரியமுக்கும், வஅலைக்குமுஸ்ஸலாம்.

உண்மையைக் கேட்டாய், எழுதுகிறேன். பெரிய மகன் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். போட்ட பிறகு நம்புவேன். கடை இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. இகாமா கையில் வந்தால் நாற்பதுக்கு முன்னால் வந்துவிடப் பார்க்கிறேன். வராவிட்டால், வரவில்லை என்று அன்றைக்கே எழுதுவேன்.

லேகியத்தையும் துணிகளையும் உங்கள் பக்கம் ஸ்டவாங்கர் போகும் ஒரு காயல் பையனிடம் கொடுத்துவிட்டேன். தினமும் காலையில் ஒரு நெல்லிக்காய் அளவு சாப்பிடு. மூக்கைப் பிடித்துக்கொள். இங்கெருக்கு நான் ஸலாம் சொன்னதாகச் சொல். அவருக்குப் புரியாவிட்டாலும் சொல்.

உன் கடிதத்தை உன் மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். கடை இல்லாததால் இப்போது அவருக்குக் கேட்க நேரம் இருக்கிறது. சுலைமானி ஆறும்வரை குடிக்கவில்லை. அஹ்சன் கொடி வெட்டிய இடத்தை இன்னொரு தடவை படி என்றார். படித்தேன். அவர் வாசிக்கத் தெரியாதவரும் இல்லை, என் கையிலிருந்து வாங்கி மூன்றாவது தடவை தானே படித்தார்.

பிறகு கேட்டார். "ஹாலிதா பொறக்கறப்போ உன் பக்கத்துல யாரு இருந்தா?"

பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார், ஆமிரா. அன்றைக்கு அவர் இந்த அல் ஐன் கடையில் இருந்தார். லீவு கேட்கவே இல்லை. பிள்ளை நடக்க ஆரம்பித்த பிறகுதான் வந்து பார்த்தார். இர்ஷாத்துக்கும் அப்படித்தான். நம் ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தானே. நானும் அதைக் குறையாக நினைத்ததில்லை என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன்.

"உம்மா இருந்தாங்க, மாமி இருந்தாங்க, பெரியம்மா இருந்தாங்க. ஊடு நெறைய ஆளு" என்றேன்.

"அப்போ தைரியமாத்தான் இருந்திருப்பே" என்றார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு இரவு அவர் பூத்திலிருந்து போன் பண்ணினபோதும் அதைத்தான் சொன்னேன். எல்லாம் நல்லபடி, நீங்க வேலையைப் பாருங்க என்று. இந்தத் தடவை வாய் வரவில்லை.

"ஊடு நெறைய ஆளுதான். நான் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன்" என்றேன்.

எழுந்து போய் ஹாலிதா உட்கார்ந்திருந்த சோஃபாவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் போனிலிருந்து தலையைத் தூக்கி, "வாட் ஹேப்பண்ட், வாப்பா?" என்றாள். "ஒண்ணுமில்லேம்மா, நீ பாரு" என்றார். அவள் திரும்பவும் போனைப் பார்த்தாள். சோறு ஆறிப்போகும் என்று நான் இரண்டு தடவை கூப்பிட்டும், அவர் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

வஸ்ஸலாம்.
உன் லாத்தா ஜொஹரா